யாருடைய விரல்

ஜூன் 9

இன்று காலை முழுவதும் ஒரு புள்ளியைப் பற்றிப் பேசினோம்.

எங்கள் கம்பெனி மதுரை கே.கே. நகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே பல் பிடுங்குகிறார்கள். மேலே நாங்கள் மருத்துவர்களுக்கான கைபேசிச் செயலி செய்கிறோம். வீட்டில் இருக்கும் இதயநோயாளி காலையும் மாலையும் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். நாடித்துடிப்பும் ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அளவும் அவர் போனுக்குப் போய், அங்கிருந்து மருத்துவரின் போனுக்கு வந்துவிடும். எடை எவ்வளவு, படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்பதை மட்டும் நோயாளியே தட்டிப் பதிய வேண்டும். மருத்துவர் இருந்த இடத்திலிருந்தே நூறு பேரைப் பார்த்துக்கொள்ளலாம். பார்த்துக்கொள்ளலாம் என்பது கம்பெனியின் சொல், என்னுடையதல்ல.

அஸ்வத் இந்தக் கம்பெனியின் முதலாளி. முப்பது வயது. ஒரு மனிதனுக்கு ஒரு புள்ளி போதும் என்கிறான். பச்சை, மஞ்சள், சிவப்பு. "டாக்டர்ஸுக்கு டைம் இல்ல சார். ஒரே பார்வையில தெரியணும்."

நாடியின் அலையையும் திரையில் காட்டு என்றேன்.

"க்ளட்டர் சார்."

குப்பை என்று அர்த்தம். நான் எம்.டி. படித்ததும், இருபது வருடம் பாடம் எடுத்ததும் இந்தப் பையனுக்குக் குப்பை. எனக்கு ஆலோசகர் என்று பெயர். முதலீட்டாளர்களுக்குக் காட்டும் குழுப் படத்தில் ஒரு நரைத்த தலை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

திரைகளை வடிவமைக்கும் ஜெஸிந்தா மட்டும், "அலைன்னா எப்படி சார் இருக்கும்?" என்று கேட்டாள். தாளில் வரைந்து காட்டினேன். அழகாக இருக்கிறது என்றாள். அழகுக்காகச் சொல்லவில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்தால் தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடவில்லை.

ஜூன் 10

மோட்டார் மெக்கானிக் வருகிறேன் என்றான். வரவில்லை.

ஜூன் 13

அஸ்வத் ஒரு வீடியோ போட்டுக் காட்டினான். "நம்ம பைலட் ட்ரயல்ல ஒரு விஐபி பேஷண்ட் சார். ரிட்டயர்டு எச்.ஓ.டி. அவரே டாக்டர். இவர் சொன்னா இன்வெஸ்டர்ஸ் நம்புவாங்க."

திரையில் பூதலிங்கம்.

மெலிந்திருந்தான். சட்டைக் காலருக்குள் கழுத்து ஒட்டாமல் நின்றது. குரல் மட்டும் அதே குரல், தன் குரலைத் தானே ரசிக்கிற குரல். "மார்ச் மாதம் எனக்கு மாரடைப்பு வந்தது. இன்று பாளையங்கோட்டையில் என் வீட்டில் உட்கார்ந்தபடியே முழு மருத்துவக் கண்காணிப்பில் இருக்கிறேன்." கிளிப் மாட்டிய விரலைத் தூக்கிக் காட்டிப் புன்னகைத்தான்.

மாரடைப்பு வந்தது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் யாருக்கும் இல்லை.

எம்.பி.பி.எஸ். முதல் வருடத்திலிருந்து ஒன்றாகப் படித்தோம். ஒரே தனியார் கல்லூரியில் ஒன்றாகப் பாடம் எடுத்தோம். நான் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய ஆய்வுக்கட்டுரையில் அவன் பெயர் முதலிலும் என் பெயர் இரண்டாவதாகவும் வந்தது. அகர வரிசை என்றான். எந்த மொழியில் கைலாசத்துக்கு முன்னால் பூதலிங்கம் வருகிறது என்று கேட்டேன். ஆங்கிலத்தில் என்றான். பிறகு துறைத்தலைவர் பதவி வந்தது. மூப்பு என்னுடையது, பதவி அவனுடையது. அன்று மாலையே ஒரு டப்பா லட்டு கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். பதவியை எடுத்துக்கொண்டதைக்கூட மன்னிக்கலாம். லட்டை மன்னிக்க முடியாது. அந்த மாதமே ராஜினாமா செய்துவிட்டு மதுரைக்கு வந்தேன். பன்னிரண்டு வருடம் ஆகிறது.

நடுவில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டான். என் விரல் தானாக அவன் மணிக்கட்டுக்குப் போய்விட்டது. பழக்கம். நாடி தாறுமாறாக ஓடியது. "இதயத்துல மேலறை நடுங்குதுலே உனக்கு. தெரியுமா?" என்றேன்.

"ரெண்டு வருஷமாத் தெரியும். மாத்திரை சாப்பிடுதேன். நீ சாப்ட்டியா? பந்தி நடக்கு," என்றான்.

அதோடு சரி.

ஜூன் 15

பெங்களூரில் மகன் வீட்டிலிருந்து என் மனைவி சாரதா பேசினாள். பேரனுக்குப் பல் முளைக்கிறதாம். சாப்பிட்டீர்களா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மோட்டார் சரியானது.

ஜூன் 19

திருமங்கலத்தில் ஒரு நோயாளி, ஓய்வுபெற்ற நடத்துனர். அவருடைய ஆக்ஸிஜன் அளவு மாலையில் மட்டும் வாலிபனுடையதுபோல ஏறுகிறது. அற்புதம் என்றான் அஸ்வத். அற்புதங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஜெஸிந்தாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே நடத்துனர் கட்டிலில் படுத்திருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் எங்கள் கிளிப்பை வைத்துக்கொண்டு, உடம்பு விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் விரல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிவந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பலாமா.

"இந்தாங்க மதினி, உங்களுக்கும் போட்டுப் பாத்துருவோம். தொண்ணூத்தெட்டு. ஒண்ணும் இல்ல உங்களுக்கு, கல்லு மாதிரி இருக்கீக. அடுத்து யாரு?"

"எனக்குப் போன வாரம் தொண்ணூத்தாறு சொன்னியே அக்கா, இப்பக் கூடியிருக்கா பாரு," என்றது ஒரு கிழவி.

"அம்மா, இது அவருக்கு மட்டும்," என்றேன்.

"அவருக்குத்தான் சார் கவர்மெண்டுல இருந்து குடுத்திருக்கு. அதுக்காக அக்கம்பக்கத்துக்கு இல்லைன்னு சொல்ல முடியுமா? நாளைக்கு ஒரு ஆத்திர அவசரத்துக்கு அவுகதான வரணும்."

கவர்மெண்டு இல்லை என்று விளக்கினேன். யாரும் கேட்கவில்லை. கடைசியில் என் விரலுக்கும் மாட்டினார். திரும்பி வரும்போது ஜெஸிந்தா பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஜூன் 20

ஒரு தெருவே அந்த ஒரு புள்ளிக்குள் நுழைந்து அதைப் பச்சையாக்கி வைத்திருக்கிறது என்று அஸ்வத்திடம் சொன்னேன். அலையைத் திரையில் காட்டினால் அது யாருடைய விரல் என்று ஒரு மருத்துவனுக்குத் தெரிந்துவிடும். கிளிப் எப்படியும் அலையைச் சேர்த்துத்தான் அனுப்புகிறது. அது சேமிப்பில் சும்மா கிடக்கிறது.

"அது எட்ஜ் கேஸ் சார். எல்லா வீட்டிலயும் அப்படி நடக்காது."

நடக்கும் என்று நிரூபிக்கிறேன் என்றேன். எல்லா நோயாளிகளின் அலைகளையும் எடுத்துத் தரும்படி ஜெஸிந்தாவிடம் சொல்லியிருக்கிறேன். இந்தப் பையனின் மூக்கை உடைக்காமல் விடப்போவதில்லை.

ஜூன் 23

வாட்ஸப்பில் ஒரு அழைப்பிதழ். பூதலிங்கத்தின் மகள் தமயந்திக்கு நிச்சயதார்த்தம், ஜூலை பத்தாம் தேதி, பாளையங்கோட்டை. பிள்ளையார் கண் சிமிட்டுகிறார், பூ கொட்டுகிறது, நாதஸ்வரம் அதுவாக வாசிக்கிறது. பழைய மாணவர்கள் குழுவில் இருநூறு பேருக்கு மொத்தமாகப் போட்டிருக்கிறான். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

தமயந்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனோடு நின்றுகொண்டிருந்தவன் நான். இருநூற்றில் ஒருவனாக இருப்பதில் எனக்கொன்றும் இல்லை. பதில் போடவில்லை.

ஜூன் 27

இன்று அலைகளைப் பார்த்து முடித்தேன். மூன்று வீடுகளில் விரல் மாறியிருக்கிறது. ஒன்று திருமங்கலத்து நடத்துனர். இன்னொன்றில் பேரப்பிள்ளை விளையாடியிருக்கிறான்.

மூன்றாவது பூதலிங்கம்.

ஜூன் இருபது வரை அவன் நாடி அவன் நாடிதான், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் ஒட்டே இல்லாமல், குடிகாரன் மாடிப்படி இறங்குவதுபோல. இருபத்தொன்றிலிருந்து கடிகாரம். ஒரே சீர், ஒரே இடைவெளி. நாடியை ஒழுங்குபடுத்தும் சிகிச்சையோ கருவியோ எதுவும் அவன் குறிப்பில் இல்லை. எட்டு வருடமாகத் தாறுமாறாக ஓடிய நாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாகத் திருந்தாது.

அவன் பதிந்த எடையைப் பார்த்தேன். தினமும் 71.4. உயிருள்ள எவனுக்கும் எடை அப்படி நிற்காது, ஒரு டம்ளர் காபி குடித்தாலே மாறும். மூச்சு வாங்குகிறதா என்ற கேள்விக்குத் தினமும் இல்லை.

மாணவர்களுக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பலவீனமான இதயக்காரனுக்கு எடை ஏறினால் உடம்பில் நீர் ஏறுகிறது என்று அர்த்தம். அதை மறைப்பவன் ஆஸ்பத்திரிக்குப் பயந்தவன். இவன் பயந்தவன் அல்ல, எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன். எந்த எண்ணில் மஞ்சளாகும், எதில் சிவப்பாகும் என்பதெல்லாம் பாடம் நடத்திய ஆள்.

நிச்சயதார்த்தம் பத்தாம் தேதி. பதினேழாம் தேதி ஆடி பிறக்கிறது. தள்ளிப் போட்டால் ஆவணிதான். அவன் கணக்கு எனக்குப் புரிகிறது.

நான் சொன்னது நிரூபணமாகிவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டும்.

ஜூன் 28

அஸ்வத்திடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். பிறகு கதவைச் சாத்தினான்.

"சார், அவர்தான் நம்ம ஷோகேஸ். பதினாலாம் தேதி இன்வெஸ்டர்ஸ் வர்றாங்க. மெடிசின் மாத்தினதுல பல்ஸ் சரியாகியிருக்கலாம்ல?"

"ஆகாது."

"நீங்களும் அவரும் ஒரே காலேஜ்னு கேள்விப்பட்டேன் சார். பழைய விஷயம் எல்லாம் இதுல வந்துடக் கூடாது."

பையன் யாரிடமோ விசாரித்திருக்கிறான். நான் எழுந்து வந்தேன். பேசியிருந்தால் அவன் சொன்னதை ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும்.

ஜூன் 29

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவனைக் கண்காணிக்கும் மருத்துவருக்குப் போன் செய்தேன். சின்னப் பையன்.

"பச்சையாத்தானே சார் இருக்கு."

"அது அவர் விரல் இல்லை."

"சார், அவர் எங்க புரொபசர். அவருக்குத் தெரியாததா? நான் போய், 'சார் நீங்க ஏமாத்துறீங்களா'ன்னு எப்படிக் கேக்குறது?" பிறகு, "நீங்க யாருன்னு சொன்னீங்க?" என்றான்.

பெயரைச் சொன்னேன்.

"ஓ," என்றான்.

அந்த 'ஓ'வில் பன்னிரண்டு வருடம் இருந்தது. அந்தக் கல்லூரியில் ஒவ்வொரு தலைமுறைக்கும் எங்கள் சண்டையைப் பாடமாகவே நடத்துகிறார்கள் போலிருக்கிறது. நான் என்ன சொன்னாலும் அது பொறாமை. மகள் நிச்சயதார்த்தத்தைக் கெடுக்க வந்தவன் என்பார்கள். சரி. எனக்கென்ன.

ஜூலை 1

எனக்கென்ன.

ஜூலை 2

கேஸ் சிலிண்டர் வந்தது. மின்கட்டணம் கட்டினேன். இன்று அவன் அலையைப் பார்க்கவில்லை, காலையிலும் மாலையிலும் பார்த்ததோடு சரி.

ஜூலை 4

அவன் செத்தால் என் வாதம் ஜெயிக்கும். அலை திரைக்கு வரும். அஸ்வத் என்னிடம் மன்னிப்புக் கேட்பான். இதை எழுதிப் பார்த்தேன், எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள.

நன்றாக இல்லை.

ஜூலை 5

எடை: 71.4.

ஜூலை 7

கருவிகளை நேரில் பரிசோதிக்கும் வேலையாகப் பாளையங்கோட்டை போனேன். கம்பெனி அனுப்பவில்லை, ஆனால் யாராவது போய்த்தானே ஆக வேண்டும். பையில் ஸ்டெதாஸ்கோப் இருந்தது. அது எப்போதும் இருக்கும். உடம்பிலிருந்து நீரை இறக்கும் ஊசி மருந்து நேற்று வாங்கினேன்.

வீட்டு முன்னால் பந்தல்காரர்கள் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். கோமதி வாசலுக்கு வந்தாள். பூதலிங்கத்தின் மனைவி. என்னைப் பார்த்ததும் அடையாளம் பிடிக்க ஒரு நொடி ஆயிற்று.

"வாங்க அண்ணாச்சி. எம்புட்டு நாளாச்சு. அக்கா வரலியா?"

அவளுடைய இடது ஆள்காட்டி விரலில் எங்கள் கிளிப் இருந்தது. வலது கையில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. சமையலுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறாள். ஒளிக்கவும் இல்லை.

"இது என்னம்மா உன் விரல்ல?"

"அதா? அவுக விரலு குளுந்து கெடக்கு, மெஷினு எடுக்காதாம். நீ போட்டுக்க, புருசன் பொஞ்சாதிக்கு ரெண்டும் ஒண்ணுதான்னாக. நானும் ரெண்டு வாரமாப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஏன், தப்பா?"

முப்பது வருடம் மருத்துவனோடு குடித்தனம் செய்தவள். அவன் சொன்னால் நம்புகிறாள். அதைத்தான் அவன் பயன்படுத்திக்கொண்டிருக்கிறான்.

அவன் உள்ளறையில் சாய்வு நாற்காலியில், முதுகுக்கு மூன்று தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டில் விரிப்பு கலையாமல் இருந்தது. இரவும் அந்த நாற்காலியில்தான் என்று தெரிந்தது. ஒரு வாக்கியத்துக்கு நடுவே இரண்டு தடவை மூச்சு எடுத்தான்.

"என்னலே கைலாசு. கூப்பிடாமலே வந்துட்ட."

"கூப்பிட்டியே. வாட்ஸப்புல."

"அது ஊருக்கே போனதுலா."

"அதான் ஊரோட வந்திருக்கேன். காலைக் காட்டு."

"காலைக் காட்டவா? பந்தக்காரன் பாக்கான். வேட்டியத் தூக்கச் சொல்லுத."

நானே குனிந்து தூக்கினேன். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். பாதி நெஞ்சுக்கு மேல்வரை நீர்க்குமிழிச் சத்தம்.

"எத்தன நாளா இப்படி?"

"நீ எதுக்கு வந்த? ஆளப் பாக்கவா, பாடத்த ஒப்பிக்கவா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"பத்தாம் தேதி வரைக்கும் விட்டுரு. மூணே நாளு. பதினொண்ணாம் தேதி நானே போய்ப் படுத்துக்கிடுதேன்." மூச்சு வாங்கினான். "இப்ப அட்மிட் ஆனா தேதி தள்ளிப் போவும். அடுத்தது ஆடி. பேசி முடிக்கதுக்குள்ள அப்பன் விழுந்துட்டான், இந்தப் பொண்ணு ராசி சரியில்லம்பாக. உனக்குப் பொம்பளப் புள்ள இல்ல. உனக்குத் தெரியாது."

"மேடையில விழுந்தா என்ன ராசிம்பாக?"

"விழ மாட்டேன். கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்கேன்."

"உன் கணக்கு எனக்குத் தெரியும். 71.4."

கண்ணை மூடிக்கொண்டான். பிறகு சொன்னான்: "பன்னெண்டு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தியோ."

"எதுக்கு?"

"எனக்கு ஆர்டர் போடதுக்கு."

கோமதியைக் கூப்பிட்டேன். அவள் விரலில் இருந்த கிளிப்பைக் கழற்றி அவன் விரலில் மாட்டினேன். அவன் கையை இழுத்தான். இழுக்கவும் பலம் இல்லை. விரல் குளிர்ந்துதான் கிடந்தது, அதில் மட்டும் அவன் பொய் சொல்லவில்லை. இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினேன். கொஞ்ச நேரத்தில் எடுத்தது. 83. மேஜையில் இருந்த போன் அலறியது.

கோமதி போனைப் பார்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள்.

"இதுவரைக்கும் எனக்குத் தொண்ணூத்தெட்டுல்லா காட்டிச்சு," என்றாள்.

"அப்ப நான் இத்தன நாளும் யாருக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன்?" என்று அவனிடம் கேட்டாள். சத்தம் போடவில்லை. அவன் பந்தல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். ஆம்புலன்ஸுக்குத்தான் என்று நினைத்தேன். முதலில் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பேசினாள். "சம்பந்தி, நான் தமயந்தி அம்மா பேசுதேன். இவுகளுக்கு முடியல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். பத்தாம் தேதி நடக்காது. நீங்க எதுனாலும் நெனச்சுக்கிடுங்க." வைத்துவிட்டு அடுத்த அழைப்பில்தான் ஆம்புலன்ஸ். மருத்துவம் படித்த இரண்டு பேர் அறைக்குள் வாதாடிக்கொண்டிருக்க, விஷயம் முற்றத்தில் முடிந்துவிட்டது.

ஊசி போட்டேன். நரம்பு கிடைக்கச் சிரமமாக இருந்தது. வேண்டுமென்றே ரெண்டு தடவை குத்துகிறாய் என்றான். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்து, "எம்மவ கலியாணம் நின்னுச்சு, உன்னச் சும்மா விட மாட்டேன்லே," என்றான்.

"முதல்ல உயிரோட இரு. பிறகு பார்க்கலாம்," என்றேன்.

தமயந்தி ஆம்புலன்ஸில் முன்னால் ஏறினாள். என்னைப் பார்க்கவே இல்லை.

ஜூலை 8

ஆஸ்பத்திரி வராந்தா. ராத்திரி செயற்கைச் சுவாசம் வைக்க வேண்டிவருமோ என்று நினைத்தார்கள். வேண்டிவரவில்லை. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தச் சின்ன டாக்டர் என்னிடம் கேட்டான். அவனுக்கே தெரியும்.

மதியம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அப்பா பெயர் ஆறுமுகநயினார், மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். மாப்பிள்ளையும் வந்திருந்தான். ராசி, சகுனம் என்று ஏதாவது சொல்வார்கள், நன்றாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று தயாராக இருந்தேன். அவர் கோமதியிடம், "ஆவணியில வச்சுக்கிடுவோம்மா. பந்தக்காரனுக்கு நான் சொல்லிட்டேன், பிரிச்சிட்டுப் போயிட்டான்," என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை தமயந்திக்குக் காபி வாங்கிவரப் போனான். எதிர்பார்த்த அளவுக்கு யாரும் மோசமாக நடந்துகொள்ளவில்லை. எரிச்சலாக இருந்தது.

ஜூலை 11

மதுரை. துவைக்காத சட்டைகள் குவிந்திருக்கின்றன. சாரதாவிடம் நடந்ததைச் சொன்னேன். "நீங்க போனீங்களா?" என்று மூன்று தடவை கேட்டாள். வேலை விஷயமாகப் போனேன் என்றேன்.

பழைய மாணவர்கள் குழுவில் செய்தி பரவிவிட்டது. கைலாசம் நேரில் போய் நிச்சயதார்த்தத்தை நிறுத்திவிட்டானாம். ஒருவன் எனக்குத் தனியாக, "கடைசியில் சாதிச்சிட்டீங்க," என்று எழுதியிருக்கிறான். அவன் தேர்வில் இருமுறை தவறியவன் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

ஜூலை 14

முதலீட்டாளர்கள் வந்தார்கள். என்னையும் கோட்டு போட்டு உட்காரவைத்தான் அஸ்வத். திரையில் பூதலிங்கத்தின் புள்ளி பச்சையாக இருந்து ஏழாம் தேதி சிவப்பாகும் படம் ஓடியது.

"அன்னைக்கு நம்ம ஆப் அலர்ட் குடுத்திச்சு. ஒரு உயிர் காப்பாத்தப்பட்டிச்சு," என்றான்.

கை தட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் புள்ளி இரண்டு வாரம் பச்சையாக இருந்துகொண்டு ஒரு மனிதன் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று சொல்ல எழுந்தேன். அஸ்வத் உடனே, "எங்க சீனியர் கன்சல்டண்ட்," என்று என்னைக் கைகாட்டினான். எனக்கும் கை தட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன். இவர்களிடம் தோற்கத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, எழுந்து நின்றாலே போதும்.

ஜூலை 22

ஜெஸிந்தா யாரையும் கேட்காமல் புதிய பதிப்பில் புள்ளிக்குக் கீழே அலையைச் சேர்த்துவிட்டாள். அஸ்வத் கேட்டதற்கு, "அழகா இருக்குன்னு போட்டேன் சார்," என்றாளாம். அவன் ஒப்புக்கொண்டான். ஒரு மாதம் நான் தொண்டை வறளச் சொன்னது எடுபடவில்லை. அழகு எடுபட்டுவிட்டது.

ஆகஸ்ட் 3

பூதலிங்கம் வீட்டுக்கு வந்துவிட்டான். இன்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தகவல்: நோயாளியின் விருப்பப்படி, அவரைக் கண்காணிக்கும் மருத்துவர் மாற்றப்பட்டுள்ளார். புதிய மருத்துவர், டாக்டர் கைலாசம், மதுரை.

போன் செய்தேன். "என்னலே இது?"

"ஏன், பாக்க மாட்டியா?"

"எனக்கு நேரம் இல்லை."

"அதுக்குத்தானலே நீ செயலி செஞ்சு வச்சிருக்க. ஒரே பார்வ."

"அந்தச் சின்ன டாக்டருக்கு என்ன குறை?"

"அவன் எனக்குப் பயப்படுதான். சொன்னா நம்புதான். ஒங்கிட்ட அந்தத் தொல்ல இல்ல, நான் எது சொன்னாலும் நீ நம்ப மாட்ட."

வைத்துவிட்டேன். மறுத்து எழுதலாம் என்று இருக்கிறேன்.

ஆகஸ்ட் 8

இன்னும் எழுதவில்லை. காலையும் மாலையும் மாட்ட வேண்டிய கிளிப்பை நினைத்தபோதெல்லாம் மாட்டுகிறான். நான் முகம் மழிக்கும்போது, ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, கூட்டத்தில் அஸ்வத் பேசும்போது என் போன் துடிக்கிறது. கோமதியிடம் சொன்னேன். "அவுகளுக்கு வேற என்ன பொழுதுபோக்கு அண்ணாச்சி," என்றாள்.

ஆகஸ்ட் 12

மதியம் சோற்றில் ரசத்தை ஊற்றும்போது போன் அலறியது. மஞ்சள். அலை அவனுடையதுதான், தாறுமாறாக, வேகமாக.

இடது கையால் எடுத்துக் கூப்பிட்டேன். வெகுநேரம் அடித்தபின் எடுத்தான்.

"என்ன பண்ணுத?"

"மாடிப்படி... ஏறிப் பாத்தேன்."

"யார் ஏறச் சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. ஆவணியில நிச்சயதார்த்த மேடையில ஏறணும்லா. எத்தன படி தாங்குதுன்னு பாத்தேன்."

"இருக்கிற படியிலயே உட்காரு. கிளிப்பைக் கழற்றாதே. பேசாதே."

உட்கார்ந்த சத்தம் கேட்டது. பிறகு அவன் மூச்சு மட்டும். போனைக் காதிலிருந்து எடுத்து மேஜையில் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. ஒழுங்கு வரவில்லை, வராது, வந்தால்தான் பயப்பட வேண்டும். ரசம் ஆறிச் சோறு ஊறிப்போனது.

புள்ளி பச்சையானது.

அதன் பிறகும் அவன் போனை வைக்கவில்லை. நான் ஏன் முதலில் வைக்க வேண்டும்.